காருக்கு வின்ரர் ரயர், காலுக்கு?

போன மாதப் பத்தியை வாசித்துவிட்டு லவாலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அக்கா, 280 டொலர் குடுத்து, மைனஸ் 40 எண்டு எழுதின சப்பாத்து வாங்கினனான். கால் நல்ல சூடாத்தான் இருக்கு. ஆனா மலையில கால் வைச்சா வழுக்குது. கடைக்காரன் ஏமாத்திப்போட்டானோ?"

கடைக்காரர் ஏமாற்றவில்லை. மைனஸ் 40 என்பது குளிருக்கான கணக்கு. அந்த எண்ணுக்கும் வழுக்கலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் கடைக்குப் போனால் முதலில் கையை உள்ளே விட்டு பஞ்சு எவ்வளவு தடிப்பு என்று பார்ப்போம். பிறகு தண்ணீர் உள்ளே போகுமா என்று கேட்போம். பிறகு விலையைப் பார்ப்போம். சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்க்கிறவர்கள் குறைவு. விழுத்துவது அந்த அடிதான்.

கியூபெக்கில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை காருக்கு வின்ரர் ரயர் கட்டாயம். நவம்பர் முடியும் நேரம் கராஜ்களில் இடம் எடுக்க நாங்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஏன் மாற்றுகிறோம்? 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும். இறுகின றப்பர் தரையைப் பிடிக்காது. வின்ரர் ரயரின் றப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். சப்பாத்தின் அடிக்கும் இதே கதைதான். கோடையில் மலையேற வாங்கிய சப்பாத்தின் அடி எவ்வளவு ஆழமாக வெட்டியிருந்தாலும், மைனஸ் 10இல் அது பிளாஸ்ரிக் மாதிரி. காருக்குச் சட்டம் போட்ட அரசாங்கம் எங்கள் காலுக்கு ஒன்றும் போடவில்லை. அதை நாங்களேதான் பார்க்க வேண்டும்.

ரொறன்ரோவில் இருக்கும் ஒரு மறுவாழ்வு மருத்துவ ஆய்வுகூடம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஐஸ் தளம் போட்ட ஒரு அறை, அந்த அறையையே சரிக்கலாம். விழாமல் இருக்கப் பட்டி கட்டின ஆட்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்குவார்கள். தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துக்கொண்டே போவார்கள், எந்தப் பாகையில் கால் வழுக்குகிறது என்று குறிப்பார்கள். 7 பாகைச் சரிவில் நின்றுபிடித்தால் ஒரு பனித்துகள் அடையாளம். கூடுதலான சரிவில் நின்றால் இரண்டு, மூன்று. 2016இல் முதல்முறை முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த சப்பாத்துகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்த ஒரு பனித்துகளைக்கூட எட்டவில்லை. அவற்றில் நல்ல விலை கொடுத்து வாங்கும் சப்பாத்துகளும் இருந்தன. நின்றுபிடித்தவற்றில் பெரும்பாலானவை, றப்பருக்குள் கண்ணாடி நார் மாதிரிச் சொரசொரப்பான ஒன்றைக் கலந்து செய்த அடியை உடையவை. இந்த முடிவுகள் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. வாங்க முன் ஒருக்கால் பாருங்கள்.

சரி, அப்படி ஒரு சப்பாத்து வாங்கிவிட்டால் போதுமா? நடைபாதைக்குப் பெரும்பாலும் போதும். மலைக்குப் போதாது. மலையில் என்ன போடுவது என்பதை, அன்றைக்குக் காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

குளிர் குறைந்த நாள்தான் வழுக்கும் நாள்

எங்கள் ஆட்கள் ஜனவரியில் ஒரு நாள் வெப்பநிலை பிளஸ் 2 என்று பார்த்தவுடன், "இண்டைக்கு நல்ல வெதர், மலைக்குப் போவம்" என்று வெளிக்கிடுவார்கள். மைனஸ் 18 என்றால் வீட்டில் இருப்பார்கள். காலின் பக்கத்தில் நின்று பார்த்தால் இது தலைகீழ்.

ஐஸின் மேலே எப்போதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். உருகும் நிலைக்குக் கிட்ட வரவர அது தடிக்கும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஐஸின் மேல் தண்ணீரே நிற்கும். ஈரமான ஐஸில் எந்த றப்பரும் தோற்றுப்போகும். மைனஸ் 20இல் அதே ஐஸ் வரண்டு, ஓரளவு சொரசொரப்பாக இருக்கும். பனியும் அப்படித்தான். கடும் குளிரில் காலை வைத்தால் கறுக் கறுக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வருகிற பனியில் நம்பி நடக்கலாம்.

அதைவிட மோசம், பகலில் உருகி இரவில் உறைவது. மத்தியானம் வெயிலில் பாதை ஓரத்துப் பனி உருகிப் பாதையில் ஓடும். மூன்று மணிக்குப் பிறகு நிழல் விழ, ஓடின தண்ணீர் அப்படியே கண்ணாடியாகிவிடும். டிசம்பரில் மொன்றியலில் நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். ஏறும்போது சேறாக இருந்த பாதை, இறங்கும்போது ஐஸாக இருக்கும். விழுகிறவர்களில் கனபேர் விழுவதும் இறங்கும்போதுதான். உடம்பு களைத்திருக்கும், வெளிச்சம் குறைந்திருக்கும், வீட்டுக்குப் போகிற அவசரம் வேறு.

இன்னொன்று இங்குள்ளவர்கள் வெர்க்லா என்று சொல்லும் உறைமழை. மேலே சூடான காற்று, அதற்குக் கீழே நிலத்தை ஒட்டிக் குளிர்காற்று. மேலிருந்து மழையாக வருவது தரையில் பட்டவுடன் ஐஸ் ஆகும். சென் லோரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்குக் குளிர்காற்று வந்து தேங்குவதால் எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி வருகிறது. 1998 ஜனவரி 5 முதல் 10 வரை பெய்த உறைமழையை இங்கே பழைய ஆட்கள் மறக்கமாட்டார்கள். மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. சில ஊர்களில் கிழமைக்கணக்காகக் கரண்ட் இல்லை. 2023 ஏப்ரல் 5இலும் வந்தது. வெர்க்லா எச்சரிக்கை வந்த நாளில் காலில் என்ன போடலாம் என்று கேட்கவேண்டாம். வீட்டுச் செருப்புப் போடுங்கள், மலை இன்னொரு நாளைக்கும் அங்கேதான் நிற்கும். மழை நின்ற அடுத்த நாளும் மரக்கிளை முறிந்து தலையில் விழலாம்.

முள், சங்கிலி, பனிச்சப்பாத்து

கடையில் தொங்குகிற சாமான்களைப் பார்த்தால் தலை சுற்றும். எனக்குத் தெரிந்தபடி நாலாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, சப்பாத்தின் அடியில் மாட்டும் சுருள்கம்பி வகை. விலை குறைவு, பாரம் இல்லை. சமதரையில், இறுகின பனியில் நடக்க நல்லது. பஸ் தரிப்பு வரைக்கும், கடை வரைக்கும் போய்வரலாம். சரிவான ஐஸில் கம்பி கடிக்காது, வழுக்கும். இதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிற ஆட்களை ஒவ்வொரு ஞாயிறும் காண்கிறேன். ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது, மைக்ரோஸ்பைக். றப்பர் வளையம், அதில் சங்கிலி, சங்கிலியில் கிட்டத்தட்ட 1 சென்ரிமீற்றர் நீளமான உருக்கு முட்கள், ஒரு காலுக்குப் பத்துப் பன்னிரண்டு. மொன்றியலைச் சுற்றியுள்ள மிதிபட்ட மலைப்பாதைகளுக்கு பெரும்பாலான நாட்களில் இதுதான் சரியான சாமான். குளிருக்கான எந்தச் சப்பாத்திலும் மாட்டலாம்.

மூன்றாவது, மலையேறிகள் போடும் பெரிய கிரம்பொன். முள் 2, 3 சென்ரிமீற்றர் நீளம். வளையாத விறைப்பான சப்பாத்து வேண்டும், பழக்கமும் வேண்டும். பழகாதவர் போட்டால் ஒரு காலின் முள் மற்றக் காலின் களிசானில் கொழுவி விழுத்தும். குடும்பமாகப் போகிற எங்களுக்கு இது தேவையில்லை. இங்கே ஒரு சின்னக் குழப்பம்: கியூபெக்கில் கடைக்காரரும் பூங்காக்காரரும் மைக்ரோஸ்பைக்கையும் சுருக்கமாகக் கிரம்பொன் என்றே சொல்வார்கள். அறிவிப்புப் பலகையில் கிரம்பொன் கட்டாயம் என்று இருந்தால் பயப்படாமல் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னதைத்தான் சொல்வார்கள்.

நாலாவது, ஸ்னோஷூ. இங்கே ராக்கெற் என்பார்கள். புதுப்பனி ஆழமாகக் கிடக்கும்போது கால் புதையாமல் பாரத்தைப் பரப்பிவிடும். மைக்ரோஸ்பைக் ஆழமான பனியில் ஒன்றும் செய்யாது, கீழே கடிக்க ஒன்றும் இல்லையே. இதை வாங்க முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கியூபெக்கின் பல பூங்காக்களில் கிடைக்கும்.

மைக்ரோஸ்பைக் வாங்கப் போகும்போது சப்பாத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கால் இலக்கத்தைச் சொல்லி வாங்கினால் பிழைக்கும். பஞ்சு வைத்த சப்பாத்து பருமன் என்பதால் ஒரு அளவு பெரிது தேவைப்படலாம். தளர்வாக இருந்தால் சரிவில் முள் பக்கவாட்டில் உருண்டுவிடும். இறுக்கிப் பிடித்தால் ரத்தோட்டம் குறைந்து விரல் விறைக்கும். இரண்டு மூன்று சொக்ஸ் போட்டு இறுக்குவதும் அதே மாதிரித்தான். ஒரு நல்ல கம்பளிச் சொக்ஸ் போதும்.

வழுக்கத் தொடங்கின பிறகு ஐஸில் ஒற்றைக்காலில் நின்று மாட்டப் பார்ப்பது சரிவராது. பாதை தொடங்கும் இடத்திலேயே இருந்து மாட்டுங்கள். பூச்சியத்துக்குக் கிட்டவான நாளில் ஈரப்பனி சங்கிலியில் ஒட்டி உருண்டையாகும், முள் மறைந்துவிடும். அப்பப்போ காலைத் தட்டிவிடுங்கள். கடைக்குள், மெற்றோவுக்குள், ஓட்டுத்தரையில் கழற்றிவிடுங்கள். உருக்கு முள்ளுக்கு மாபிள் தரை ஐஸைவிட மோசம். கார் ஓட்டும்போது காலில் இருக்கவே கூடாது.

பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். முள்ளைப் போட்டுக்கொண்டு சறுக்கி விளையாட விடாதீர்கள். சரிவைக் கண்டால் பிள்ளைகள் இருந்து சறுக்கத்தான் பார்ப்பார்கள். உடம்பு வேகமாகப் போகும்போது முள் ஐஸில் குத்தி நின்றால் கணுக்கால் முறியும். சறுக்குவதென்றால் முதலில் முள்ளைக் கழற்ற வேண்டும். எங்கள் நடைக்குழுவில் இது சட்டம்.

எங்கே தொடங்குவது?

மோன் ரோயாலில் தொடங்குங்கள். 233 மீற்றர்தான் உயரம். பூங்கா 1876இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஒல்ம்ஸ்ரெட், நியூயோர்க் சென்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவர். குதிரை வண்டி மூச்சு வாங்காமல் ஏறவேண்டும் என்று பாதையைச் சுற்றிச் சுற்றி, மெல்லிய சரிவாக அமைத்தார். குதிரைக்காகப் போட்ட அந்தச் சரிவு இன்றைக்கு எங்கள் முழங்காலுக்கு உதவுகிறது. பார்க் அவெனியுவில் கார்ட்டியே சிலையடியில் தொடங்கி அகன்ற பாதையிலேயே போங்கள். குறுக்குப் பாதைகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஆயிரம் பேர் மிதித்து இறுக்கின பனி, செங்குத்தில் ஐஸ்தான். நடக்க ஏலாதவர்கள் மோன் ரோயால் மெற்றோவில் 11ஆம் இலக்க பஸ் பிடித்தால் மேலே பீவர் ஏரியடியில் இறங்கலாம். அங்கே சமதரையில் நடக்கலாம்.

அடுத்தது மோன் செந்-ஹிலேர். 400 மீற்றருக்குச் சற்று மேல். 1958இல் ஒரு தனியாரின் மரணத்தோடு மக்கில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த மலை. 1978இல் யுனெஸ்கோ கனடாவில் அறிவித்த முதலாவது உயிர்க்கோளக் காப்பகம். மேலே போகப்போகச் செங்குத்தும் பாறையும். இங்கே சுருள்கம்பி சரிவராது, மைக்ரோஸ்பைக் வேண்டும்.

இரண்டு மணித்தியால ஓட்டத்தில் எல்லை தாண்டி அடிறொண்டக் மலைகள். மார்சி சிகரம் 1,629 மீற்றர். அங்கே உயர்ந்த சிகரங்களின் பகுதியில் 8 அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூ அல்லது ஸ்கீ போடாமல் நடக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. போடாமல் போனால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் ஆழத்துக்குக் குழி விழும். இரவு அது உறைந்துவிடும். அடுத்த நாள் வருகிறவரின் கால் அதற்குள் மாட்டி முறியும். அந்தச் சட்டம் பின்னால் வருகிறவரைக் காப்பாற்றப் போட்டது. எனக்கு அது பிடித்த சட்டம். மோன் ரோயாலைப் பத்துத் தரம் குளிர்காலத்தில் ஏறின பிறகு அங்கே போகலாம், அதற்கு முன் வேண்டாம்.

வெறுங்காலால் மலை ஏறின சனம்

எங்களுக்கு மலை புதிதில்லை. எங்களுக்கு மலை என்றால் கோயில். டிசம்பர் தொடங்கி மே வரை சிவனொளிபாதமலைக்கு, 2,243 மீற்றர், வெறுங்காலோடும் பாட்டா செருப்போடும் ஏறுகிறவர்கள் நாங்கள். இங்கே வந்தும் கோடையில் ரிகோ மலையடி லூர்து மாதாவிடம் வேதக்காரரும் சைவக்காரருமாகச் சேர்ந்து போகிறோம். சென் யோசேப்பு ஆலயத்தின் 283 படிகளையும் எண்ணி ஏறுகிறோம். கோட்-டெ-நேஜில் எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறது! அந்தப் பெயருக்கே பனிகளின் சரிவு என்றுதான் பொருள். மலையில் பாதி நாங்கள் குடியிருக்கிறோம், நவம்பர் வந்தால் அதில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிடுகிறோம்.

மலைக்குப் போனால் காலில் இருப்பதைக் கழற்றுவதுதான் எங்கள் பழக்கம். பாறையை வெறுங்கால் பிடிக்கும், விரல் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். இந்த நாட்டு மலை, போட்டுக்கொண்டு வா என்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொன்னவர்கள் ஐஸையே காணாதவர்கள்.

நான் இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் மலை மட்டுமல்ல. பார்க் எக்ஸ்ரென்சனில் மூன்றாம் மாடியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாமாரை எனக்குத் தெரியும். கேட்டால் "குளிர் பிள்ளை" என்பார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து கதைத்தால் வேறு பதில் வரும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, எழுபத்தொரு வயது, கோடையில் தினமும் ஜாரி பூங்காவைச் சுற்றி நடப்பவர், சொன்னார்: "குளிரைத் தாங்குவன். விழுந்தா ஆர் என்னைப் பாக்கிறது? பிள்ளையள் வேலைக்குப் போகோணும்." அவரோடு நடந்த இன்னொருவர் இரண்டு வருடத்துக்கு முன் வாசற்படியில் விழுந்து கை மணிக்கட்டு முறிந்தவர். கை சுகமாகிவிட்டது. பயம் சுகமாகவில்லை. ஆறு மாதம் நடக்காத காலுக்கு வலு குறையும், வலு குறைந்த கால் ஏப்ரலில் காய்ந்த தரையிலும் தடுமாறும். வழுக்கும் என்று வீட்டில் இருந்தே விழுகிற நிலைக்கு வருகிறோம்.

வயதானவர்களுக்குக் குனிந்து முள் மாட்டுவது கஷ்டம். அவர்களுக்கென்றே அடியில் முள்ளை மடித்தும் விரித்தும் வைக்கக்கூடிய சப்பாத்துகள் இங்கே விற்கிறார்கள். வெளியே போகும்போது விரிப்பது, கடைக்குள் மடிப்பது. வீட்டிலேயே நீங்கள் இரண்டு தரம் செய்து காட்டுங்கள், பிறகு அவர்களையே செய்யச் சொல்லுங்கள். ஊன்றுதடிக்கு ஐஸ் முனை பார்மசியில் கிடைக்கும், அதுவும் மடிக்கிற மாதிரி.

நடையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். அடியைச் சிறிதாக்குங்கள். பாதம் முழுதும் ஒன்றாகத் தரையில் படட்டும், அப்போதுதான் எல்லா முள்ளும் கடிக்கும். இறங்கும்போது பயத்தில் பின்னுக்குச் சாய்வோம், அதுதான் குதிக்காலை வழுக்கவிடும். முழங்காலைச் சற்று மடித்து உடம்பைக் காலுக்கு நேர் மேலே வைத்திருங்கள். கையைச் சட்டைப்பைக்குள் வைக்காதீர்கள். பென்குயின் மாதிரி நட என்று இங்கே சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளையைக் கேட்டால் நடந்தே காட்டும்.

தைப்பொங்கல் வருகிறது. அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள் அதோடு ஒரு சோடி முள்ளும் வாங்குங்கள். நல்ல சேலையைவிட விலை குறைவுதான். பொங்கல் முடிந்து வருகிற ஞாயிறு, மைனஸ் 12 அளவில் வெயிலோடு ஒரு நாள் கிடைத்தால், 11ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றி பீவர் ஏரியடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அரை மணித்தியாலம் போதும். போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி மறக்கவேண்டாம். முதல் பத்து நிமிடம் உங்கள் கையை இறுக்கிப் பிடிப்பார். பிறகு எப்போது விட்டார் என்று உங்களுக்கே தெரியாது.